எதிர்வரிசையில் அப்பா

பிப்ரவரி 6

பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமா என்று நான் விசாரிக்க வேண்டியதில்லை. நீ தும்மினால்கூட ராத்திரிச் செய்தியில் சொல்லிவிடுகிறார்கள். நான் நலம். மாடிப்படிகள் மட்டும் முன்பைவிட அதிகமாகிவிட்ட மாதிரி தோன்றுகிறது.

தொலைபேசியில் பேசலாம்தான். உன் தொலைபேசியை யார் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அவையின் தாழ்வாரத்தில் நின்று பேசினால் 'அப்பாவும் மகளும் பேரம்' என்று மறுநாளே எழுதிவிடுவார்கள். ஆகவே கடிதம். உன் ஓட்டுநர் கீழே, சலவைக்கடை வாசலில் நிற்கிறார். காபி போட்டுக் கொடுத்தேன். மரியாதைக்காக முழுவதையும் குடித்தார், பாவம்.

நேற்று உன் அமைச்சரவையைக் கடைசி வரிசையிலிருந்து ஆற அமரப் பார்த்தேன். எங்கிருந்து பொறுக்கினாய் இவர்களை? நிதி அமைச்சருக்குக் கூட்டல் வந்தாலே நெற்றி வியர்க்கிறது. கல்வி அமைச்சர் தூங்கும்போது மட்டும்தான் படித்தவர் மாதிரி இருக்கிறார். அப்புறம் அந்த மீசை. பதினோரு உறுப்பினர்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உன்னோடு கூட்டணிக்கு வந்து, போக்குவரத்துத் துறையைக் கூலியாக வாங்கிக்கொண்ட ஆள். நேற்று உன்னைச் சபையிலேயே 'தங்கச்சி' என்றான். நீ சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேருந்துக் கட்டணத்தைக் குறைப்பேன் என்று ஊர் ஊராகத் தொண்டை கிழியச் சொல்லித்தானே ஓட்டு வாங்கினாய்? மீசை ஒரு தடவை முறைத்தான், மசோதா அலமாரிக்குள் போய்விட்டது. உன் கட்சியின் பெரியவர் படுத்த படுக்கையானதும், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஆள் வேண்டும் என்று உன்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர்கள் கணக்கு தப்பவில்லை.

என்னைப் பார். நாற்பது வருஷமாக அதே கடைசி வரிசை. எந்த அரசாங்கத்துக்கும் ஆதரவாக ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை. என் கட்சியில் நான் ஒருவன்தான். நானே தலைவர், நானே கொறடா, நானே தொண்டன். உட்கட்சிப் பூசல் கிடையாது, ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

உனக்கு வருகிறதா?

எதிர்வரிசையிலிருந்து,
உன் அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓட்டுநர் காபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த அரசாங்கத்தில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

படிகள் கூடவில்லை. நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை இரண்டு மாதத்துக்கு வாங்கி அனுப்பியிருக்கிறார், உறையோடு இருக்கிறது, பாருங்கள்.

தூக்கம் வரவில்லை. இந்த வீட்டில் ஒரு ஜன்னலைக்கூட நானாகத் திறக்க முடியாது. குடை பிடிக்க ஒருவர், அவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று பார்க்க இன்னொருவர். காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் அமைச்சர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்ல. நேற்று மீன்வளத்துறை அமைச்சர் என் முன்னால் விம்மி விம்மி அழுதார். வலை கிழிந்ததற்கா, மீனவர்கள் காணாமல் போனதற்கா? விருந்தில் அவரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்களாம். கைக்குட்டை கொடுத்தேன். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மீசையைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தங்கச்சி, நம்ம பசங்க பதினோரு பேரும் கொஞ்சம் வருத்தத்துல இருக்காங்க" என்பார். வருத்தம் என்றால் ஏதோ ஒன்று வேண்டும் என்று பொருள். கொடுத்தால் ஒரு வாரம் வருத்தம் தணியும். பேருந்து மசோதாவை நான் அலமாரியில் வைத்திருக்கிறேன், குப்பைத்தொட்டியில் போடவில்லை. மருத்துவமனைகளுக்கான சட்டம் நிறைவேறட்டும், அதை வெளியே எடுப்பேன்.

ஒரு சின்ன வருத்தம். நேற்று எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டு பதில் சொல்லும்போது, கடைசி வரிசையிலிருந்து "வெட்கம்! வெட்கம்!" என்று நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். என் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். கேள்வி கேளுங்கள் அப்பா, பரவாயில்லை. அந்த மேசைதட்டல் மட்டும் வேண்டாமே.

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 2

மகளே,

இன்று வேடிக்கை பேச மனமில்லை.

படகு கவிழ்ந்த செய்தி வந்ததும் படகுத்துறைக்குப் போனேன். உன் வண்டிகள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் அக்கரை போகும் காலைப் படகு. கரையில் சாப்பாட்டு டப்பாக்களும் செருப்புகளும் ஒதுங்கிக் கிடந்தன. இழுத்துக்கொண்டு வந்தவர்களை மீன் ஏலம் போடும் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். போர்த்தத் துணி போதவில்லை. யாரோ பாய்மரத் துணியை வெட்டிக் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்குகிறது, கடையிலிருந்து ஓடிவந்திருக்கிறார். புருஷனும் மகனும் அந்தப் படகில். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஓட்டைப் படகுன்னு எல்லாருக்கும் தெரியும்யா. கால் வெச்சா நனையும்யா. அதுக்கு யாருய்யா அனுமதி குடுத்தது?" என்றார்.

யார் கொடுத்தது என்று உனக்குத் தெரியும். துறைமுக அதிகாரியே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். படகு ஓடக்கூடாது என்று அவர் நிறுத்தி வைத்தாராம். போக்குவரத்து அமைச்சரே பேசினாராம்: "என் மச்சான் படகுய்யா அது. ஓடட்டும்." இந்த உண்மையைச் சொன்னதற்குப் பரிசாக, சாயங்காலத்துக்குள் அவரை எங்கோ ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டான் மீசை.

இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்? அவனை வெளியே தள்ளு. இன்றைக்கே தள்ளு. இல்லையென்றால் அந்தக் கொட்டகையில் கிடப்பவர்களுக்கு நீயும் பதில் சொல்ல வேண்டியவள்தான்.

அப்பா


மார்ச் 6

அன்புள்ள அப்பா,

நானும் கொட்டகைக்குப் போனேன். நான் போவதற்குள் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், படம் நன்றாக வர வேண்டுமாம். தொட்டிகளை எடுக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் என் பின்னால் நடந்தார்கள். அதையும் படம் எடுத்தார்கள்.

மீசையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "விதி தங்கச்சி, யாரு என்ன பண்ண முடியும்? தண்ணி இருக்கிற எடத்துல படகு முழுகத்தான் செய்யும்" என்றார். சொல்லிவிட்டு மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அந்த நிமிஷம் நானும் அதையேதான் நினைத்தேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் போனால் பதினோரு பேர் போவார்கள். அந்தப் பக்கம் எதிர்க்கட்சித் தலைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் கவிழ்ந்தால் மறுவாரமே மீசை அங்கே அமைச்சராகிவிடுவார். அப்போது விசாரணையும் இருக்காது, வழக்கும் இருக்காது. துறைமுக அதிகாரி கிடங்கிலேயே கிழவராகிவிடுவார். எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். மருத்துவமனைச் சட்டம் கடைசிப் படியில் இருக்கிறது. நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணையைத் தொடங்கிவிட்டால், யார் வந்தாலும் நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு அவரை அனுப்புகிறேன்.

உங்களுக்கு இது பேரமாகத் தெரியும். அப்பா, கோபித்துக்கொள்ளாமல் ஒன்று யோசியுங்கள். நாற்பது வருஷத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தை எங்கே வைப்பது என்றாவது நீங்கள் முடிவு செய்ததுண்டா? ஒரு தெருவில் வைத்தால் அடுத்த தெருக்காரர்கள் திட்டுவார்கள் என்று தெரிந்தும் ஓரிடத்தைக் காட்டியதுண்டா? வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வாய் போதும்.

கொஞ்ச நாள் பொறுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 12

பிரதமர் அம்மாவுக்கு,

கெஞ்சலும் கிடைத்தது, அதற்குள் பொதிந்து வைத்திருந்த குத்தலும் கிடைத்தது. பேருந்து நிறுத்தமா? நான் வேண்டாம் என்று சொன்னதால்தான் இந்த நாட்டில் சில அக்கிரமங்களாவது வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தன. இல்லாவிட்டால் தாளம் போட்டுக்கொண்டு நடந்திருக்கும்.

நேற்று சபையில் நான் பேசியதைக் கேட்டாய். 'பிணங்களின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் பிரதமர்' என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். இன்று எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அந்த வாசகம்தான். 'மகள் என்றும் பாராத சிங்கம்' என்று ஒன்றில் போட்டிருக்கிறான். நான் கீழே இறங்கினால் தெருவே கூடிவிடுகிறது. சலவைக்கடைக்காரர் என் சட்டையை இலவசமாகத் தேய்த்துத் தந்தார். கல்லூரிப் பெண்கள் வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தையல்காரம்மாவைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்திருந்தேன், கவனித்தாயா? அவர் அழுதது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

விசாரணையாம், நீதிபதியாம். நீதிபதி காபி குடித்து முடிப்பதற்குள் சாட்சிகள் எல்லோரும் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். கோழைத்தனத்துக்குக் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறாய். ஒரு நாளாவது நிமிர்ந்து நின்றுதான் பாரேன். அவனை வெளியே தள்ளு. அப்புறம் பார், இந்தக் கிழவன் உன்னைப் பற்றி என்ன பேசுகிறான் என்று.

அப்பா


மார்ச் 20

அன்புள்ள அப்பா,

தள்ளிவிட்டேன்.

நாளைக் காலைப் பத்திரிகையில் வரும். அதற்கு முன்னால் நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் பேச்சுக்காகச் செய்ததாக நினைக்காதீர்கள். காலையில் துறைமுக அதிகாரியின் மனைவி வந்திருந்தார். வெளியே வெகுநேரம் காத்திருந்திருக்கிறார், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரர் பொய் சொல்லியிருந்தா இந்நேரம் பதவி உயர்வு கெடச்சிருக்கும்ங்க. உண்மையைச் சொன்னாரு. இனிமே எங்க புள்ளைங்களுக்கு என்னன்னு சொல்லி வளக்குறது? அதை மட்டும் நீங்க சொல்லிட்டாப் போதும்" என்றார். அவர் எந்த உதவியும் கேட்கவில்லை.

மதியம் மீசையை வரவழைத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"ராஜினாமா எழுதிக் குடுங்க."

"என்ன தங்கச்சி, விளையாடுறியா?"

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. நீங்க எழுதலேன்னா நான் எழுதுறேன்."

சிரித்தார். "நீ எழுது. நான் வியாழக்கிழமை ஒனக்கு எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

துறைமுக அதிகாரியைப் பழைய இடத்துக்கே வரச்சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்கு நீதிபதியின் பெயரும் முடிவாகிவிட்டது. ஆனால் உத்தரவு அடுத்த வாரம்தான் வெளிவரும். அதுவரை நான் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு. எத்தனை முறை எண்ணினாலும் ஒரே விடைதான் வருகிறது. எங்கள் பக்கம் எண்பது, அவர்கள் பக்கம் மீசையின் ஆட்களையும் சேர்த்து எண்பது. மீதி நீங்கள் ஒருவர்.

எனக்காக எழுந்து நில்லுங்கள் என்று கேட்க மாட்டேன். உங்கள் நாற்பது வருஷம் எனக்குத் தெரியும். நீங்கள் அன்று வராமல் இருந்தால் போதும். சமமாக வந்தால் சபாநாயகர் வாக்கு எங்களுக்கு, அரசாங்கம் தப்பிவிடும். காய்ச்சல் என்று சொல்லுங்கள். மாடிப்படி இறங்க முடியவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் வயதில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் தோற்றால் மீசை திரும்ப வந்துவிடுவார், அந்தப் படகும் திரும்ப வந்துவிடும்.

சின்ன வயதிலிருந்து உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்டால் 'கொள்கை' என்பீர்கள் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். இது ஒன்றுதான்.

உங்கள் மகள்


மார்ச் 21

என் கண்ணே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உட்காரச் சொல்லவில்லையா! அடிசக்கை! இதுவல்லவா என் ரத்தம்! சலவைக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "என் பொண்ணு என்ன பண்ணியிருக்கா பாத்தீரா" என்று சொல்லிக் காட்டினேன்.

வியாழக்கிழமை பற்றி எழுதியிருக்கிறாய். அது பெரிய விஷயம். யோசிக்க வேண்டும்.

உன் கட்சிக் கொறடா காலையில் பழக்கூடையும் கையுமாக வந்து நின்றார். "பெரியவரே, ஒங்க உடம்புக்கு ஓய்வு தேவைன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். அந்தக் குரலும் அந்தக் குழைவும்! கூடையோடு படியில் இறக்கிவிட்டேன். நீ அனுப்பியிருக்க மாட்டாய், தெரியும். ஆனால் உன் ஆட்கள் என்னை எவ்வளவு மலிவாக எடை போட்டிருக்கிறார்கள் பார். மத்தியானம் எதிர்க்கட்சித் தலைவரும் வந்தார். எண்ணெய் வழியும் அதே சிரிப்பு. "நீங்கதாங்கய்யா இந்த நாட்டோட மனசாட்சி. நாடே ஒங்க ஒருத்தரைத்தான் பாத்துக்கிட்டிருக்கு" என்றார். அவரையும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுத்தான் அனுப்பினேன்.

ஆனால் அந்த ஒன்றில் மட்டும் அவர் சொன்னது தப்பில்லை. வாசலில் நிருபர்கள் கும்பலாக நிற்கிறார்கள். ஜன்னலை எட்டிப் பார்த்தாலே விளக்குகள் மின்னுகின்றன. காய்ச்சல் என்று படுத்துக்கொள் என்கிறாய். இத்தனை வருஷத்தில் ஒரு வாக்கெடுப்புக்குக்கூட நான் வராமல் இருந்ததில்லை, கண்ணே. உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே போய் உட்கார்ந்தவன் நான்.

மனசாட்சி என்ன சொல்கிறதோ அப்படிச் செய்வேன். நீ நன்றாகச் சாப்பிடு. முகம் வாடியிருக்கிறது.

உன் அப்பா


மார்ச் 25

அன்பு மகளுக்கு,

தாழ்வாரத்தில் நான் கூப்பிட்டது உன் காதில் விழவில்லை போலிருக்கிறது. உன்னைச் சுற்றி அத்தனை பேர்.

நீ கோபமாக இருக்கிறாய். இயல்புதான். ஆனால் நிதானமாக யோசித்தால் என் நிலை உனக்குப் புரியும். மீசையை வெளியேற்றியது நல்ல காரியம். அதை நான் என் பேச்சிலேயே பாராட்டினேன், குறிப்பில் இருக்கிறது, எடுத்துப் பார். ஆனால் ஒரே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதால் ஓர் அரசாங்கம் நல்ல அரசாங்கமாகிவிடாது. பேருந்து மசோதா எங்கே? இத்தனை நாள் அந்த அயோக்கியனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டது யார்? என் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி, 'இந்த அமைச்சரவையின் மேல் நம்பிக்கை இருக்கிறதா?' என்பது. இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்ல எழுந்து நின்றேன். என் மகள் என்பதற்காக உட்கார்ந்திருந்தால், நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்?

படுத்துக்கொண்டு காய்ச்சல் நாடகம் போட்டிருந்தால் அது அதைவிடக் கேவலம்.

மீசை துணைப் பிரதமராகிவிட்டான், துறைமுகமும் அவன் கையில் என்று செய்தி பார்த்தேன். விசாரணை உத்தரவை நிறுத்திவிட்டார்களாம். கவலைப்படாதே. திங்கட்கிழமை பேசப் போகிறேன். ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அவனைக் கிழித்துத் தொங்கவிடுகிறேன், பார். எதிர்க்கட்சித் தலைவர், இப்போது பிரதமர், சபை முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தது படமாக வந்திருக்கிறது. அவராகத்தான் கட்டிப்பிடித்தார். நான் கையைக்கூடத் தூக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். உன் ஓட்டுநர் இனி வரமாட்டார் அல்லவா.

பதில் போடு.

உன் அப்பா


ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு,

பதிலைக் காணோம். தபால்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரிடமே கேட்டேன். "வந்தா குடுக்காம என்னங்க பண்ணப் போறேன்?" என்றார்.

திங்கட்கிழமைப் பேச்சு நன்றாக வந்தது. மீசை சபையில் இல்லை. இருந்த இரண்டொருவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகளில் உள்பக்கத்தில் ஒரு ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். நிருபர்கள் இப்போதெல்லாம் இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்களுக்கென்ன, தினமும் புதிதாக ஏதாவது வேண்டும்.

நேற்று படகுத்துறைப் பக்கம் போனேன். காலைப் படகு மறுபடி ஓடுகிறது. அதே படகுதான், பச்சை பூசியிருக்கிறார்கள். தையல்காரம்மா கடையில் இருந்தார். பையன்களின் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நாற்காலி போட்டார். மரியாதை தெரிந்த பெண். பிறகு, "ஐயா, அந்தம்மா அந்தாளைத் தூக்கிட்டாங்கல்ல? அப்புறம் எப்படிய்யா மறுபடி வந்தான்?" என்று கேட்டார்.

வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று விளக்கினேன். நம்பிக்கை என்றால் என்ன, அரசாங்கத்தின் கூட்டுப்பொறுப்பு என்றால் என்ன என்று எளிமையாகத்தான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ நீங்க எந்தப் பக்கம்யா எந்திரிச்சீங்க?" என்றார். சொன்னேன். "அப்படீங்களாய்யா" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை. படிக்காத ஜனங்களுக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நீ படித்தவள். உனக்குப் புரியும்.

உன் அப்பா


ஏப்ரல் 12

அம்மாடி,

நேற்று தொலைபேசியில் மாப்பிள்ளைதான் எடுத்தார். "அவ தூங்குறா மாமா" என்றார். பகல் பதினொரு மணிக்கா? பின்னால் உன் குரல் கேட்டது. யாரிடமோ வழக்கு தேதி பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். வைத்துவிட்டேன்.

உன் பழைய அறையில் உன் சட்டப் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள். மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம், கீழே கடையில் வாங்கி வைக்கிறேன். அரசியல் பேசமாட்டேன். உனக்குக் கோபம் இருந்தால் நேரில் நாலு வார்த்தை திட்டிவிடு. திட்டு வாங்கிப் பழகியவன்தான் நான். பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மகளே, நான் என்னதான் தப்பு செய்துவிட்டேன்? பயந்தேனா, விலை போனேனா, பொய் சொன்னேனா?

பதில் எழுது. ஒரு வரி போதும்.

அப்பா


ஏப்ரல் 17

அப்பாவுக்கு,

மூன்று கடிதங்களும் கிடைத்தன.

நான் மறுபடி கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டுவிட்டேன். துறைமுக அதிகாரியை இந்த முறை வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அவருடைய வழக்கை நான்தான் நடத்துகிறேன். புத்தகங்களை எடுத்துவர என் குமாஸ்தா வருவார். அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பயப்படவில்லை, விலை போகவில்லை, பொய் சொல்லவில்லை. எல்லாம் சரிதான். நான் தோற்றதற்கும் உங்கள்மேல் கோபமில்லை. என்னைச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தபோது, இந்த அரசாங்கம் இத்தனை நாள் நின்றதே ஆச்சரியம் என்றுதான் தோன்றியது.

சபாநாயகர் 'நம்பிக்கை இல்லாதவர்கள் எழுந்து நிற்கலாம்' என்றதும், எல்லோரும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் நாற்காலியின் கையைப் பிடித்தபோதே தெரிந்துவிட்டது. அப்போதும், மனசில்லாமல்தான் எழுந்திருக்கிறார், முகத்தில் அது தெரியும் என்று தேடினேன். கொஞ்சம் தெரிந்திருந்தாலும் அன்று ராத்திரியே உங்கள் மாடி ஏறி வந்திருப்பேன்.

சபை முழுக்க உங்களையே பார்த்தது. நீங்கள் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றீர்கள். எதிரே உட்கார்ந்திருந்த நான் உங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

என் கல்யாணத்திலும் சரி, நான் பதவி ஏற்ற அன்றும் சரி, உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

இனிக் கடிதம் வேண்டாம். நீங்கள் பேசுவது பத்திரிகையில் வருமல்லவா, படித்துக்கொள்கிறேன்.

மகள்